கம்பிகள் கூடும் இடம்

வெளி மாநிலங்களில் குடியிருக்கும் நமக்கு வீடு மாறுவது புதிதன்று. பதினொரு மாத ஒப்பந்தம் முடிந்ததும் சாமான்களை மூட்டை கட்டுகிறோம். புது வீட்டில் பாலைக் காய்ச்சிப் பொங்க விடுகிறோம். அது முடிந்தவுடன் அண்ணாந்து பார்க்கிறோம். கூரையில் ஒரு கொக்கியும், அதன் அருகே நீட்டிக் கொண்டிருக்கும் இரண்டு கம்பிகளும் தெரிகின்றன. முன்னே இருந்தவர் தம் மின்விசிறியைக் கழற்றிக் கொண்டு போய்விட்டார். நம் மின்விசிறியை மாட்ட வேண்டும். கூடத்துக்கு ஒரு விளக்கு வேண்டும். அடுக்களையில் ஒரு பிளக் பாயிண்ட் எட்டாத இடத்தில் இருக்கிறது, அதைச் சற்றுத் தள்ளி அமைக்க வேண்டும்.

இவ்வேலைகள் ஒவ்வொன்றிலும் ஒரு கம்பியும் மற்றொரு கம்பியும் கூடும் இடம் ஒன்று உண்டு. அந்த இடத்தைப் பற்றித்தான் இன்று பேச எண்ணுகிறோம். விரல் நுனியளவே உள்ள இடம் அது. ஆயினும் வீட்டு மின்சார அமைப்பில் தீங்கு முளைக்கும் இடம் பெரும்பாலும் அதுவேயாகும்.

கம்பிகளை இணைக்க நம் நாட்டில் வழிவழியாகக் கையாளும் முறை யாவரும் அறிந்ததே. இரண்டு கம்பிகளின் உறையையும் பிளேடால் சீவி, அல்லது பல்லால் கடித்து நீக்குவார்கள். உள்ளே உள்ள செம்பு இழைகளை ஒன்றோடொன்று முறுக்குவார்கள். மேலே கறுப்பு டேப்பைச் சுற்றிவிடுவார்கள். இரண்டு நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். விசிறி சுழலும், விளக்கு எரியும். நாமும் மகிழ்ந்து கூலியைக் கொடுத்து அனுப்பிவிடுவோம்.

முறுக்கும் முறையே தவறானது என்று நாம் சொல்ல வரவில்லை. தேர்ந்த கைகள் இறுக முறுக்கி, ஈயம் வைத்துப் பற்றவைத்து, முறையாக உறையிட்ட இணைப்புகள் பல்லாண்டுகள் நிலைத்து நின்றிருக்கின்றன. தொல்லை எங்கே என்றால், டேப் சுற்றிய பிறகு நல்ல இணைப்பும் கெட்ட இணைப்பும் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றுகின்றன. செய்தவருக்கு மட்டுமே உண்மை தெரியும். சில சமயம் அவருக்கும் தெரியாது.

இதை நாங்கள் அறிந்துகொண்டது ஏட்டிலிருந்து அன்று. சில ஆண்டுகளுக்கு முன் மும்பையில் மாட்டுங்காப் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் குடியிருந்தோம். அடுக்களையில் பிளக் பாயிண்ட்டை மேடைக்கு அருகே கொண்டு வருவதற்காக ஒரு மின்பணியாளரை அழைத்தோம். அவரும் பழைய கம்பியோடு மூன்று முழம் புதுக் கம்பியைச் சேர்த்து, மரப் பட்டிக்குள் மறைத்து, வேலையை அழகாகவே முடித்துக் கொடுத்தார். அந்தப் பிளக்கில் ஓர் ஆண்டுக் காலம் மிக்சி மட்டும் ஓடிற்று. யாதொரு குறையும் இல்லை.

பிறகு மின்சார அடுப்பு ஒன்று வாங்கினோம். பாத்திரத்தை மட்டும் சூடாக்கும் இண்டக்ஷன் அடுப்பு அது. 2000 வாட் இழுப்பது. வாங்கிய சில நாட்களில் மாலை வேளைகளில் வீட்டில் மீன் வாடை வீசத் தொடங்கிற்று. எங்கள் வீட்டில் மீன் சமைப்பதில்லை. அண்டை வீட்டாரின் சமையல் என்று எண்ணி, ஜன்னலைச் சாத்திக்கொண்டோம். ஒரு நாள் வீட்டில் பெரியவரான அம்மா சுவரில் கை வைத்துப் பார்த்து, “இந்த மரச் சட்டம் ஏன் சுடுகிறது?” என்று கேட்டார். மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் பட்டியைத் திறந்து பார்த்தோம். டேப் உருகிப் பாகாக வழிந்திருந்தது. செம்பு கரியாகக் கறுத்திருந்தது. மரத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தீய்ந்த தழும்பு. பிளாஸ்டிக் உறைகளும் மின்கருவிகளின் பாகங்களும் அளவுக்கு மீறிச் சூடேறும்போது மீன் போன்ற வாடை வருவதுண்டு என்பதைப் பின்னரே தெரிந்துகொண்டோம். அயலாரைப் பழித்துக்கொண்டிருந்த அத்தனை நாளும் எங்கள் சுவரே உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தது.

இதில் நம்மைத் திகைக்க வைப்பது ஒன்றுண்டு. அந்த வீட்டில் எம்.சி.பி. என்ற தானியங்கிக் காப்பு ஸ்விட்ச் இருந்தது. அது ஒருமுறைகூட விழவில்லை. ஏன்?

இதை விளங்கிக்கொள்ளச் சிறு கணக்கு ஒன்று போதும். 230 வோல்ட்டில் 2000 வாட் அடுப்பு ஏறத்தாழ 8.7 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கிறது. கம்பியில் தடை மிகுந்த இடம் ஒன்று இருந்தால், அங்கே பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிப் பெருக்கத்தைத் தடையால் பெருக்கக் கிடைப்பது. நன்றாக இறுகாத இணைப்பில் 0.3 ஓம் தடை இருப்பதாகக் கொள்வோம். 8.7-ஐ 8.7-ஆல் பெருக்கி, 0.3-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 23 வாட் வருகிறது. 23 வாட் என்பது சிறு தொகையாகத் தோன்றலாம். ஆனால் வானொலிப் பெட்டி பழுது பார்ப்பவர் ஈயத்தை உருக்கக் கையில் பிடித்திருக்கும் பற்றுக்கோல் 25 வாட்தான். அப்படிப்பட்ட கோல் ஒன்றைக் காய்ந்த மரப் பட்டிக்குள் வைத்து மூடி, அடுப்பு எரியும் போதெல்லாம் அதையும் எரியவிட்டோம் என்பதே பொருள்.

எம்.சி.பி. அளப்பது மின்னோட்டத்தை. 16 ஆம்பியருக்கு அமைந்த காப்பு ஸ்விட்ச் வழியே 8.7 ஆம்பியர் ஓடினால், அதன் கணக்கில் யாவும் நலமே. கம்பியின் வழியில் எங்கோ ஓர் அங்குல இடம் கனன்று கொண்டிருப்பதை அது அறியாது. மின்கசிவைக் கண்டு அணையும் ஆர்.சி.சி.பி. என்ற கருவியும் அவ்வாறே. 30 மில்லி ஆம்பியர் கசிவில் அணைந்து மனித உயிரைக் காக்கும் அரிய சாதனம் அது. ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டியது. ஆனால் கசிவு இல்லாமல் சூடு மட்டும் ஏறினால் அதுவும் வாளாவிருக்கும். ஆகவே இணைப்பைக் காக்க இவ்விரண்டும் போதா. இணைப்பை முதலிலேயே நன்றாகச் செய்வதே முதற்காவல்.

மிக்சி ஓடிய ஓர் ஆண்டும் ஏன் ஒன்றும் நேரவில்லை என்பதும் இதே கணக்கில் அடங்கும். மின்னோட்டம் பாதியானால் வெப்பம் பாதியாவதில்லை, காற்பங்காகிறது. மிக்சி இழுப்பது குறைவு. அதுவும் சில நிமிஷங்களே. கூரை விசிறி இழுப்பதோ ஓர் ஆம்பியரில் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் கெட்ட இணைப்புகள் ஆண்டுக்கணக்கில் சாதுவாக ஒளிந்திருந்து, நாம் ஒரு கீசரையோ அடுப்பையோ குளிர்சாதனப் பெட்டியையோ சேர்க்கும் நாளில் தம் குணத்தைக் காட்டுகின்றன.

இணைப்பில் தடை எப்படி உண்டாகிறது? இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருப்பதாக நம் கண்ணுக்குத் தோன்றினாலும், அவை உண்மையில் தொடுவது சில நுண்ணிய புள்ளிகளில் மட்டுமே. அழுத்தம் மிகுந்தால் புள்ளிகள் பெருகும். அழுத்தம் குறைந்தால் அவை அருகும். மின்சாரம் ஓடும்போது செம்பு சூடேறி விரிகிறது. அணைத்ததும் குளிர்ந்து சுருங்குகிறது. நாள்தோறும் நடக்கும் இந்த விரிவாலும் சுருக்கத்தாலும் முறுக்கு நெகிழ்கிறது. நெகிழ்ந்த இடத்தில் காற்றுப் பட்டுச் செம்பின் மேல் களிம்பேறுகிறது. தடை கூடுகிறது. தடை கூடியதால் சூடு கூடுகிறது; சூடு கூடியதால் நெகிழ்வு மேலும் கூடுகிறது. நெகிழ்வும் சூடும் ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டே போகின்றன.

திருகாணி வைத்த பீங்கான் அல்லது பிளாஸ்டிக் கனெக்டர்கள் முறுக்கைவிட மேலானவையே. ஆயினும் அவற்றிலும் ஒரு குறை உண்டு. திருகாணி எவ்வளவு இறுகும் என்பது திருகுபவர் கையைப் பொறுத்தது. அதிகம் இறுக்கினால் இழைகள் அறுபடும், குறைந்தால் நெகிழும். மேலும் அழுத்தத்தில் இருக்கும் செம்பு காலப்போக்கில் சற்றே அமுங்கிக் கொடுக்கிறது. அமுங்கிய செம்பைத் திருகாணி தொடர்ந்து சென்று அழுத்துவதில்லை. அது விட்ட இடத்திலேயே நிற்கும்.

வில் அப்படியன்று. செம்பு சற்று அமுங்கினால் வில்லும் சற்று இறங்கி, விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கும். இந்த எளிய உண்மையை மின்கம்பி இணைப்புக்குப் பயன்படுத்தியவர்களுள் ஜெர்மனியினர் முதன்மையானவர்கள். வணிகப் பெயர்களை நாம் இங்கே கூறுவது வரலாற்றுக்காகவேயன்றி விற்பனைக்காக அன்று. 1951-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மிண்டன் நகரில் வாகோ என்ற நிறுவனம் தொடங்கிற்று. வாக்னர், ஓல்பிரிக்ட் என்னும் இரு பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து அமைத்த பெயர் அது. திருகாணிக்குப் பதிலாக வில்லால் கம்பியைக் கவ்வும் முறையே அந்நிறுவனத்தின் அடிப்படை. அந்த வழியில் வளர்ந்தவையே இன்று உலகெங்கும் புழங்கும் நெம்புகோல் இணைப்பான்கள். கடையில் லீவர் கனெக்டர் என்று கேட்டால் கொடுப்பார்கள். இப்பொழுது வேறு பல நிறுவனங்களும் இவ்வகையைச் செய்கின்றன.

பார்வைக்கு அது புளியங்கொட்டையைவிடச் சற்றுப் பெரிய பிளாஸ்டிக் பெட்டி. ஒரு புறம் இரண்டு, மூன்று அல்லது ஐந்து துளைகள். ஒவ்வொரு துளைக்கும் மேலே ஒரு சிறு நெம்புகோல். உள்ளே வெள்ளீயம் பூசிய செம்புப் பட்டை ஒன்றும், துருப்பிடிக்காத எஃகு வில்லும் இருக்கின்றன. நெம்புகோலைத் தூக்கினால் வில் விலகி வழிவிடும். கம்பியை நுழைத்து நெம்புகோலை மடக்கினால் வில் இறங்கிக் கம்பியைச் செம்புப் பட்டையோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கும். அழுத்தத்தின் அளவு நம் கைவலிமையைப் பொறுத்ததன்று, வில்லைப் பொறுத்தது. வலிமை குன்றிய விரல்களாலும் இதைச் செய்யலாம். பிரிக்க வேண்டுமானால் நெம்புகோலைத் தூக்கினால் போதும். கம்பியை வெட்ட வேண்டியதில்லை.

நம் நாட்டு வீடுகளில் ஓடுவது பெரும்பாலும் பல இழைகள் கொண்ட கம்பி. நெம்புகோல் இல்லாமல் கம்பியை நேரே குத்திச் செருகும் கனெக்டர்களும் உண்டு. அவற்றுள் பல ஒற்றை இழைக் கம்பிக்கே பொருந்தும். மெல்லிய பல இழைக் கம்பி அவற்றில் நுழையாமல் மடங்கிவிடும். நெம்புகோல் வகை இரண்டையும் ஏற்கும். கெட்டிக் கம்பியையும் நெகிழ் கம்பியையும் ஒரே இணைப்பானில் அடுத்தடுத்த துளைகளில் சேர்க்கலாம். சுவரிலிருந்து வரும் கம்பியையும் விளக்கின் மெல்லிய கம்பியையும் இணைக்க இதைவிட எளிய வழி இல்லை.

இனிச் செய்முறையைப் பார்ப்போம். முதல் வேலை மின்சாரத்தை நிறுத்துவது. சுவர் ஸ்விட்சை அணைத்தால் போதாது. பழைய வீடுகளில் ஸ்விட்ச் தவறாக நியூட்ரல் கம்பியில் போடப்பட்டிருப்பதுண்டு. அப்போது விசிறி நின்றிருந்தாலும் அதன் கம்பியில் மின்சாரம் காத்திருக்கும். ஆகவே மெயினையே அணைக்க வேண்டும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் தனியே அணைக்க வேண்டும். மெயின் நின்றவுடன் இன்வெர்ட்டர் விழித்துக்கொண்டு அதே கம்பியில் மின்சாரத்தைச் செலுத்தும் என்பதை மறந்து கை வைத்தால் உயிர் போகும். பிறகு டெஸ்டரைக் கொண்டு சோதிக்க வேண்டும். அதற்கு முன்பு, மின்சாரம் இருப்பதாக உறுதியாகத் தெரிந்த இடத்தில் டெஸ்டரை வைத்து அது ஒளிர்கிறதா என்று பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். பழுதான டெஸ்டர் ஒளிராததைக் கண்டு மின்சாரம் இல்லையென்று நம்பிவிடலாகாது.

இரண்டாவது, உறை நீக்குவது. எத்தனை மில்லிமீட்டர் நீக்க வேண்டும் என்பது இணைப்பானின் மேலேயே குறிக்கப்பட்டிருக்கும். நாம் மேலே கூறிய நிறுவனத்தின் 221 என்ற வரிசையில், 4 சதுர மில்லிமீட்டர் வரையிலான கம்பிக்கு உரிய வகைக்கு இது 11 மில்லிமீட்டர். குறைத்தால் வில்லின் பிடிக்குச் செம்பு எட்டாமல் உறை சிக்கிக்கொள்ளும். கூட்டினால் வெறும் செம்பு வெளியே தெரியும். பல்லுக்கும் பிளேடுக்கும் இங்கே வேலையில்லை. உறை சீவும் கருவி எந்த மின்சாதனக் கடையிலும் கிடைக்கும். பிளேடு பட்டு ஏழு இழைகளில் இரண்டு அறுந்தால், அந்த இடத்தில் கம்பி ஐந்து இழைக் கம்பியாகிவிடுகிறது.

மூன்றாவது, இழைகளை விரலால் நேராக்கி, நெம்புகோலைத் தூக்கி, கம்பியைத் துளையின் முடிவுவரை செலுத்தி, நெம்புகோலை முற்றிலும் மடக்குவது. ஒரு துளைக்கு ஒரு கம்பிதான். ஐந்து துளைகள் இருந்தாலும் அவை உள்ளே ஒரே செம்புப் பட்டையே என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஃபேஸ் கம்பிக்கு ஓர் இணைப்பான். நியூட்ரலுக்கு வேறோர் இணைப்பான். எர்த்துக்கு மற்றோர் இணைப்பான். இவற்றுள் இரண்டை ஒரே இணைப்பானில் சேர்ப்பது மின்சாரத்தைக் குறுக்கே பாயவிடுவதாகும்.

வண்ணத்தை நம்பிச் சேர்ப்பதிலும் ஒரு கண்ணி உண்டு. நம் நாட்டு வீட்டுக் கம்பிகளில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். ஆனால் மின்கருவிகளோடும் விளக்குகளோடும் வரும் கம்பியில் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல். சுவரின் நீலமும் விளக்கின் நீலமும் உறவினர் என்று எண்ணிச் சேர்த்துவிடலாகாது. எது எதுவென்று சோதித்தறிந்த பின்பே சேர்க்க வேண்டும்.

நான்காவது, சோதனை. இவ்வகை இணைப்பானின் சிறப்பு இங்கேதான் விளங்குகிறது. நல்ல இணைப்பான்களின் பெட்டி கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிவது. செம்பு துளையின் முடிவுவரை சென்றிருக்கிறதா, உறை உள்ளே சிக்கியிருக்கிறதா, வெறும் செம்பு வெளியே நிற்கிறதா என்று கண்ணால் காணலாம். பிறகு ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியே பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும். அசையாமல் நின்றால்தான் மெயினைப் போடலாம்.

எளிதாக இருக்கிறது என்பதற்காக எங்கும் இதைப் பயன்படுத்தலாமா? கூடாது. இவை செம்புக் கம்பிக்கே உரியவை. பழைய கட்டடங்கள் பலவற்றில் அலுமினியக் கம்பி ஓடுகிறது. சீவிய இடம் வெள்ளி நிறமாகத் தெரிந்தால் நிறுத்திவிட வேண்டும். வெள்ளீயம் பூசிய செம்பாகவும் இருக்கலாம். ஆனால் அறிந்தவர் பார்த்துச் சொல்லும் வரை அலுமினியம் என்றே கொள்வது நலம். அலுமினியத்தின் மேல் படியும் களிம்பு மின்சாரத்தைத் தடுப்பது. அதற்குத் தனி முறை வேண்டும்.

அளவும் பொருந்த வேண்டும். நாம் கூறிய வகை 4 சதுர மில்லிமீட்டருக்கும் 32 ஆம்பியருக்கும் 450 வோல்ட்டுக்கும் அமைந்தது. பழைய மின்பணியாளர்கள் கம்பியை 3/20, 7/20 என்று சொல்வார்கள். முதல் எண் இழைகளின் எண்ணிக்கை; இரண்டாவது இழையின் கேஜ். 20 கேஜ் இழையின் குறுக்களவு 0.914 மில்லிமீட்டர். ஏழு இழைகளின் பரப்பைக் கூட்டினால் ஏறத்தாழ 4.6 சதுர மில்லிமீட்டர் வருகிறது. 7/20 கம்பியை 4 சதுர மில்லிமீட்டர் என்று கடைக்காரர் சொல்லலாம். துளைக்குள் அது நுழைய மறுத்தால் இரண்டு இழைகளை வெட்டி நுழைப்பது அறிவுடைமையன்று. பெரிய அளவு இணைப்பானை வாங்குவதே முறை.

இணைப்பான் தண்ணீர் புகாத பொருளன்று. குளியலறையிலும் திறந்த மாடத்திலும் அதை வெறுமனே விடலாகாது. எங்கும் அது மூடியுள்ள பெட்டிக்குள், பின்னர் திறந்து பார்க்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். சுண்ணாம்புக்குள் புதைக்கலாகாது. விளக்கின் எடையைக் கொக்கி தாங்க வேண்டுமே தவிரக் கம்பியும் இணைப்பானும் தாங்கக்கூடாது. அடுப்பு, கீசர், குளிர்சாதனம் போன்ற பெரும் பளுவுக்கோ இடையில் இணைப்பே இல்லாத முழுக் கம்பியை இழுப்பதுதான் மேலானது. எங்கள் அடுக்களையில் பின்னர் அதையே செய்தோம்.

சந்தையில் மலிவான போலிகளும் உண்டு. நல்ல பொருளின் மேல் வோல்ட், ஆம்பியர், கம்பியின் அளவு, உறை நீக்கும் நீளம் ஆகிய நான்கும் பொறிக்கப்பட்டிருக்கும். ஐ.இ.சி. 60998 என்பது இவ்வகைச் சாதனங்களுக்கான உலகளாவிய தர எண். எழுத்தே இல்லாத பொருளும், நெம்புகோலை மடக்கும்போது வில்லின் எதிர்ப்பே தெரியாத பொருளும் நமக்கு வேண்டா.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் அறிந்திருத்தல் நலம். மத்திய மின்சார ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளின்படி, மின்அமைப்பில் புதிதாகச் சேர்ப்பதும் மாற்றுவதும் பழுது பார்ப்பதும் உரிமம் பெற்றவரைக் கொண்டே செய்யத்தக்கவை. விளக்கு, விசிறி, ஃபியூஸ், ஸ்விட்ச் முதலியவற்றை, அமைப்பின் திறனும் தன்மையும் மாறாதபடி, ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றாக மாற்றுவது மட்டும் இதற்கு விலக்கு. ஆகவே கூரை விசிறியை மாற்றுவது ஒரு வகை. பிளக் பாயிண்ட்டை நகர்த்துவது வேறு வகை. பின்னதற்கு உரிமம் உடையவரை அழைப்பதே முறை. நாம் பொருளை அறிந்திருப்பது அவர் வேலையைப் பறிப்பதற்காக அன்று. நன்றாகக் கேட்டு வாங்கிக்கொள்வதற்காக.

கேட்பதில்தான் நமக்கு வெளியூரில் சங்கடம். இந்தியில் ‘தார்’ என்றால் கம்பி. நம் காதுக்கோ அது சாலையில் ஊற்றுவது, அல்லது வாழைத்தார். அவர்கள் ‘ஜோட்’ என்பது இணைப்பு. நம் நினைவில் வருவதோ காலில் போடும் ஜோடு. நெகிழ்ந்திருப்பது ‘டீலா’. இந்த மூன்று சொற்களைத் தெரிந்துகொண்டால் தில்லியிலும் மும்பையிலும் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்குச் சொல்லே வேண்டாம். இணைப்பானை நாமே வாங்கி வைத்துக்கொண்டு அவர் கையில் கொடுக்கலாம். மூடுவதற்கு முன் காட்டச் சொல்லி ஒருமுறை பார்த்துவிடலாம். கைபேசியில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளலாம். நல்ல தொழிலாளி இதற்காக வருந்தமாட்டார். மூன்றாவது மாடியில் எங்கள் பழுதை வந்து சரிசெய்தவர் தமிழ் அறியாதவர். நாங்கள் மராத்தி அறியாதவர்கள். அவர் கம்பியை மாற்றி, பெட்டியைத் திறந்தபடியே வைத்து, எங்களை அழைத்து விரலால் சுட்டிக் காட்டினார். அதன் பிறகுதான் மூடியை மாட்டினார்.

அன்பர்களே, நாம் எந்த வீட்டிலும் முதல் குடியல்லோம், கடைசிக் குடியுமல்லோம். நமக்கு முன் யாரோ முறுக்கிய கம்பியின் கீழ் நாம் உறங்குகிறோம். நாம் இணைத்த கம்பியின் கீழ் நாளை யாரோ தம் குழந்தையைத் தொட்டிலிலிட்டு உறங்க வைப்பார்கள். அவர்கள் எந்த மொழி பேசுவார்களோ, நாம் அறியோம். டேப்பைச் சுற்றி மறைத்த இணைப்பு அவர்களுக்கு ஒன்றும் சொல்லாது. திறந்தால் உள்ளே தெரியும் இணைப்பையோ எந்த மொழியினரும் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள்; பழுதிருந்தால் திருத்திக்கொள்வார்கள்.

இன்று வீட்டில் ஒரு காரியம் செய்யுங்கள். கூரைக் கிண்ணத்தையும் சுவர்ப் பெட்டியையும் நீங்களே திறக்க வேண்டா. பெரும் பளு ஓடிய பிறகு பிளக்கின் மேலும் ஸ்விட்சுப் பலகையின் மேலும் புறங்கையை வைத்துப் பாருங்கள். சூடு தெரிந்தாலோ, விளக்கு அடிக்கடி மினுக்கினாலோ, இடம் தெரியாத மீன் வாடை வந்தாலோ, ஜன்னலைச் சாத்தாதீர்கள். மெயினை அணைத்துவிட்டு, அறிந்தவரை அழையுங்கள்.